காலி இருக்கைக்குக் கட்டணம்

இந்த ஷேர் ஆட்டோ எதனால் கிளம்புகிறது என்பதை எனக்கு முதலில் சொன்னவள் அமலோற்பவம். தாம்பரத்தில் ஏற்றுமதிக்குச் சட்டை தைக்கும் கம்பெனி ஒன்றில் காலர் வைத்துத் தைப்பவள். அதை அவள் சொன்ன விதம் இருக்கிறதே, முப்பத்து நான்கு ஆண்டுகள் கணக்குப் பாடம் நடத்திய ஒருத்தியிடம் அப்படிச் சொல்லலாமா என்று நீங்களே முழுவதும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

உட்காருங்கள் அம்மா, உட்காருங்கள். இறங்கிப் போய் என்ன செய்யப் போகிறீர்கள்? இந்த மேடவாக்கம் கூட்டுரோட்டில் இந்த நேரத்துக்கு உங்களுக்கு வேறு வண்டி கிடைக்காது. ஓட்டுநர் தணிகாசலம் அதோ டீக்கடையில் நிற்கிறார். எட்டு இருக்கையில் ஐந்து நிறைந்திருக்கிறது. கைக்கடிகாரத்தை எத்தனை முறை பார்த்தாலும் அது தன் வேகத்தில்தான் ஓடும். பையில் தொங்கும் அந்த மரக்கிளியையும் விட்டுவிடுங்கள், கழுத்து முறிந்துவிடப் போகிறது.

மெதுவாகத்தான் பேசுகிறேன். ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டு ஒருவர் அமர்ந்திருக்கிறார் பாருங்கள், அவர் காதில் விழ வேண்டாம். இன்னொன்று. நான் சொல்லும்போது நடுவில் பேசக் கூடாது. வகுப்பிலும் எனக்கு அதுதான் விதி. சந்தேகம் எல்லாம் கடைசியில்.

என் பெயர் மங்கையர்க்கரசி. அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியை, பின்னர் தலைமையாசிரியை. எங்களுக்குக் கார் கிடையாது. வாங்க வசதி இல்லாமல் அல்ல. கணவர் அஞ்சல் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், இரண்டு ஓய்வூதியம் வருகிறது. வாங்கவில்லை, அவ்வளவுதான். எங்கள் குடியிருப்பில் பன்னிரண்டு வீடுகள். எங்கள் வீட்டைத் தவிர எல்லாருக்கும் கார். வாரத்தில் ஆறு நாள் அவை உறை போர்த்திக்கொண்டு நிற்கின்றன, ஞாயிற்றுக்கிழமை குளிப்பாட்டுகிறார்கள். எங்களுக்கு ஒதுக்கிய கார் நிறுத்துமிடத்தில் நான் தொட்டி வைத்துக் கத்தரிக்காய் பயிரிடுகிறேன். கீழ்த்தளத்துப் பாஸ்கரன் தம் இரண்டாவது காருக்கு அந்த இடத்தை வாடகைக்குக் கேட்டார். "கத்தரிச் செடிக்கு எங்கே இடம் தருவீர்கள்?" என்று கேட்டேன். அதோடு பேச்சை விட்டுவிட்டார்.

நகரம் என்றால் என்ன? பலர் சேர்ந்து ஒன்றைப் பயன்படுத்தும் ஏற்பாடு. ஒரே தண்ணீர்த் தொட்டி, ஒரே மாடிப்படி, ஒரே தெருவிளக்கு. வண்டிக்கு மட்டும் ஆளுக்கு ஒன்று எதற்கு? பேருந்து இருக்கிறது, மின்சார ரயில் இருக்கிறது, இந்த ஷேர் ஆட்டோ இருக்கிறது. என் பணிக்காலம் முழுவதும் இப்படித்தான் போய்வந்தேன்; ஒரு நாள்கூடத் தாமதமாகக் கையெழுத்துப் போட்டதில்லை. ஆனால் ஒன்று. யாருடைய வண்டியிலும் ஓசியில் ஏறியதில்லை. என் இருக்கைக்கு என் கட்டணம், அதுவும் ஏறியவுடன், வண்டி நகரும் முன்பே. இறங்கும்போது சில்லறை தேடி மற்றவர்களைக் காக்க வைப்பது எனக்குப் பிடிக்காது.

என் கணவர் சபாபதிக்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் கேம்ப் ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு மருத்துவமனையில் டயாலிசிஸ். இடது முன்கையில் இரத்தக் குழாய்களை இணைத்து ஊசி போடுவதற்கு வழி செய்திருந்தார்கள். அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தால் பூனை உறுமுவது போல ஓர் அதிர்வு தெரியும். அது இருக்கும் வரையில் பயமில்லை என்று செவிலியர் சொல்லியிருந்தார். தினமும் காலையில் பால் காய்ச்சுவதற்கு முன் நான் அதைத்தான் தொட்டுப் பார்ப்பேன். அந்தக் கையை யாரும் இடிக்கக் கூடாது, நெரிக்கக் கூடாது. அதனால் ஷேர் ஆட்டோவில் அவருக்கு எப்போதும் முன் இருக்கை, கதவோரம். நான் நடு வரிசையில். இருவருக்கும் உரிய கட்டணத்தை எண்ணி அவர் கையில் கொடுத்துவிடுவேன். அவர் ஓட்டுநரிடம் கொடுப்பார்.

ஏழு மணிக்கு இங்கே ஏறினால்தான் ஏழரைக்கு அங்கே படுக்கையில் படுக்க முடியும். பிந்தினால் எந்திரத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். தொடக்கத்தில் இந்தத் தணிகாசலம் என்ன செய்தார் தெரியுமா? ஆள் நிரம்பினால்தான் எடுப்பேன் என்று நின்றார். "தாம்பரம், தாம்பரம், ஒரு ஆளு, ஒரு ஆளு" என்று கூவுவார். மூன்று இடம் காலியாக இருக்கும். நான் இரண்டு முறை கண்டித்தேன். "தணிகாசலம், மணி ஏழு என்றால் ஏழு. பள்ளிக்கூடம் பிள்ளைகள் நிரம்பும் வரை காத்திருந்தா மணியடிக்கிறது?" என்று கேட்டேன். தலையைச் சொறிந்தார்.

அதற்கடுத்த வாரம் ஆள் திருந்திவிட்டார். நான் ஏறி அமர்வேன். "தணிகாசலம்" என்பேன். ஒரே ஒரு சொல். வண்டி கிளம்பிவிடும். இரண்டு இடம் காலியா, மூன்று இடம் காலியா, பார்க்க மாட்டார். குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில்கூட இதை எடுத்துச் சொன்னேன். கண்டிப்போடு சொன்னால் கேட்காத மனிதர் இல்லை என்பதற்கு எங்கள் ஷேர் ஆட்டோக்காரரே சாட்சி என்றேன். கைதட்டினார்கள். வண்டியில் உடன் வருகிறவர்களும் என்னைப் பெருமையாகத்தான் பார்ப்பார்கள். அமலோற்பவம் மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அவள் எதற்கும் சிரிப்பவள்.

இப்படி ஓராண்டுக்கு மேல்.

போன ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை. காலையில் அவர் கையைத் தொட்டேன். உறுமல் இல்லை. கையை மாற்றி வைத்துப் பார்த்தேன். காதை வைத்துக் கேட்டேன். இல்லை. "இல்லையா அரசி?" என்று கேட்டார். "இருக்கிறது, மெதுவாக இருக்கிறது" என்றேன். மருத்துவமனையில் ஊசி போட்டுப் பார்த்துவிட்டு, அடைத்துக்கொண்டது, இந்தக் கை இனி உதவாது என்று சொல்லிவிட்டார்கள். இரத்தச் சுத்திகரிப்பு நடக்கவில்லை. அங்கேயே சேர்த்துக்கொண்டார்கள். கழுத்தில் குழாய் வைத்துச் செய்யலாமா, காலையில் பார்த்து முடிவெடுப்போம் என்றார்கள். ஆண்கள் பிரிவில் இரவில் பெண்கள் தங்க அனுமதியில்லை. வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை ஆறே முக்காலுக்குச் செவிலியர் அழைத்தார். "அம்மா, ஐயாவுக்கு மூச்சு ரொம்ப வாங்குது. உடம்புல தண்ணி ஏறிடுச்சு. உடனே கழுத்துல டியூப் வைக்கணும். நீங்க வந்து கையெழுத்துப் போட்டாத்தான் டாக்டர் வைப்பாரு. எட்டு மணிக்கு அவரு வேற ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிடுவாரு. அவரை விட்டா சாயந்தரம்தான்."

சாயங்காலம் வரை அந்த மூச்சு தாங்குமா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார் என்று கேட்கவில்லை.

கீழே இறங்கினேன். பாஸ்கரன் காருக்குப் பக்கத்தில் சாவியோடு நின்றிருந்தார். "டீச்சர், இவ்வளவு காலையில எங்க? ஏறுங்க, நான் தாம்பரம் பக்கம்தான் போறேன். போற வழியில எங்க வேணா விட்டுடறேன்."

"வேண்டாம் பாஸ்கரன். என் வண்டி ஏழுக்குக் கிளம்பிவிடும்" என்றேன்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? ஓராண்டாக ஒரு நாளும் தவறாத வண்டி. அதை நம்பாமல் அடுத்தவர் காரில் ஏறுவதற்கு நான் என்ன காரணம் சொல்வேன்? அந்த இடத்தில் நீங்கள் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பீர்கள். சரி, விடுங்கள்.

இதே இடம். இதே வண்டி. நான் ஏறும்போது நான்கு பேர் இருந்தார்கள். நடு வரிசையில் அமலோற்பவம், அவளுக்கு அந்தப் பக்கம் இரவுப் பணி முடிந்து வீடு திரும்பும் காவலாளி ஒருவர். பின் வரிசையில் காதில் பாட்டுக் கருவி மாட்டிய இளைஞன் ஒருவன், மூலையில் முகக்கவசம் அணிந்த ஒரு பெண். முன் இருக்கை காலி.

"இன்னா டீச்சர், இன்னிக்கு வெள்ளிக்கெழமையாச்சே. ஐயா எங்க?" என்றாள் அமலோற்பவம்.

"வரவில்லை" என்றேன். வீட்டு விஷயத்தைப் பொது வண்டியில் பரப்பும் வழக்கம் எனக்கில்லை. பிறகு, "தணிகாசலம்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். முன் இருக்கையைப் பார்த்தார். "ஆளு வரட்டும் டீச்சரம்மா" என்றார்.

நான் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தேன். "தணிகாசலம், மணி ஏழு."

"தெரியுது டீச்சரம்மா. மூணு சீட்டு காலியா இருக்கு. ரெண்டு பேராவது வரட்டும்." சொல்லிவிட்டு இறங்கிப் போய்ப் பின்பக்கம் நின்றுகொண்டு கூவ ஆரம்பித்துவிட்டார். "தாம்பரம், தாம்பரம், கேம்ப் ரோடு, சேலையூர், தாம்பரம்."

யாரும் வரவில்லை. முந்தின இரவு மழை. தெருவில் நடமாட்டமே குறைவு. எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஓராண்டுப் பழக்கம் ஒரே காலையில் கெட்டுப்போகுமா? மாணவி ஒருத்தி திடீரென்று வீட்டுப்பாடம் எழுதாமல் வந்தால், அடிப்பதற்கு முன் காரணத்தைக் கேட்பேன். அதனால் பொறுமையாகவே கேட்டேன். "தணிகாசலம், இன்றைக்கு உமக்கு என்ன ஆயிற்று?"

"எனக்கு ஒண்ணும் ஆவல டீச்சரம்மா. வண்டிக்கு லோன் டியூ கட்டணும், டீசல் போடணும். நீங்க செத்த உக்காருங்க."

ஏழு பத்து. தனி ஆட்டோ ஏதாவது வருகிறதா என்று எட்டிப் பார்த்தேன். வந்தவை எல்லாவற்றிலும் பள்ளிப் பிள்ளைகள், வெளியே பை தொங்க. அந்த நேரத்தில் இந்தப் பகுதி ஆட்டோக்காரர்கள் எல்லாரும் பள்ளிச் சவாரிதான் ஓட்டுவார்கள். கைபேசியில் வாடகைக் கார் அழைத்தேன். அந்தக் கார் ஓட்டுகிறவன் திரும்ப அழைத்து, "எங்க போணும் மேடம்? கேம்ப் ரோடா? காசா கார்டா?" என்று விசாரித்தான். "ரொக்கம்" என்றேன். "தோ வரேன்" என்றான். அடுத்த நிமிடம் ரத்து செய்துவிட்டான். தாம்பரம் பேருந்து ஒன்று வந்தது. படிக்கட்டில் ஆட்கள் தொங்கினார்கள். நிறுத்தாமலே போய்விட்டது.

அப்போதுதான் பாஸ்கரனின் வெள்ளைக் கார் எங்களைக் கடந்து போனது. கண்ணாடி ஏற்றியிருந்தது. சிக்னலில் சிறிது நேரம் நின்றது. எழுந்து நான்கு அடி வைத்தால் கதவைத் தட்டியிருக்கலாம்.

தட்டவில்லை. அரை மணிக்கு முன் வேண்டாம் என்று சொன்ன வாயால் எப்படிக் கேட்பது? அதைவிட, இந்தத் தணிகாசலம் எப்படியும் இப்போது எடுத்துவிடுவார் என்ற எண்ணம். சிக்னல் பச்சையானது. கார் போய்விட்டது.

ஏழு பதினைந்து. "தணிகாசலம்!" என்றேன். பள்ளியில் இந்தக் குரலைக் கேட்டால் எதிர்க் கட்டடத்தில் பேச்சு நிற்கும். பின்னால் இருந்த இளைஞன் காதுக் கருவியைக் கழற்றினான். தணிகாசலம் மட்டும் கூவுவதை நிறுத்தவில்லை.

எனக்குப் பதில் சொன்னது அமலோற்பவம்.

"டீச்சர், நீ எத்தினி வாட்டி கூப்ட்டாலும் அது நவுராது. வண்டி உன் குரலுக்கா கெளம்புது?"

"பிறகு எதற்குக் கிளம்புகிறது?"

"சும்மா கெட அமலு" என்றார் தணிகாசலம்.

"நீ சும்மா இருய்யா. பாவம், அது வேற தெரியாம கத்திக்கினு இருக்கு." என்னைத்தான் 'அது' என்றாள். "டீச்சர், காலியா கீற சீட்டுக்கெல்லாம் ஐயா காசு குடுத்துருவாரு. ரெண்டுன்னா ரெண்டு, மூணுன்னா மூணு. நீ எண்ணிக் குடுப்பியே, அந்த நோட்டுக்கு அடியில மடிச்சு வெச்சுக் குடுப்பாரு. அதான் நீ பேரச் சொன்னதும் இவரு சாவியத் திருப்புவாரு. இங்க எல்லாருக்கும் தெரியும். உனக்குத் தெரியக் கூடாதுன்னு ஐயா எங்க எல்லாரையும் கேட்டுக்கினாரு."

அந்தக் காவலாளி வெளியே பார்த்துக்கொண்டார். தமிழ் தெரியாதவர் அவர். அவருக்குக்கூடத் தெரிந்திருக்கிறது.

தணிகாசலத்தைப் பார்த்தேன். "உண்மையா?"

"ஐயாதான் சொல்லக் கூடாதுன்னாரு டீச்சரம்மா. 'அவங்க சொல்லித்தான் கிளம்புதுன்னு இருக்கட்டும், அதுல உனக்கு என்ன நட்டம்'னாரு."

என்ன செய்வேன் என்று நினைக்கிறீர்கள்? பையைத் திறந்து பணத்தை வீசியிருக்கலாம். ஐந்நூறு ரூபாய்த் தாள்கள் இருந்தன. நான் வீசவில்லை. யாரும் உட்காராத இடத்துக்குக் காசு கொடுத்து ஒரு வேலையைச் செய்து வாங்குவதற்குப் பெயர் என்ன? முப்பத்து நான்கு ஆண்டுகள் நான் யாருக்கும் அப்படிக் கொடுத்ததில்லை. என் பெயரில், என் கண்ணுக்கு முன்னாலேயே ஒருவர் ஓராண்டாகக் கொடுத்திருக்கிறார். "இந்த வண்டியில் இனி நான் வர மாட்டேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். சேறு. செருப்பு உள்ளே போயிற்று. இறங்கி நின்றேனே தவிர, எங்கே போவது?

அப்போது கைபேசி அடித்தது. எனக்குக் காது சற்று மந்தம். எப்போதும் ஒலிபெருக்கியில்தான் போட்டு வைத்திருப்பேன். செவிலியர் குரல் தெருவெல்லாம் கேட்டது. "அம்மா, எங்கம்மா இருக்கீங்க? ஐயாவுக்கு உதடு நீலமாயிடுச்சு. ஆக்சிஜன் வெச்சிருக்கோம். டாக்டர் கையுறை மாட்டிக்கிட்டு நிக்கிறாரு, கையெழுத்து எங்கன்னு கத்துறாரு. எட்டு மணிக்கு மேல இருக்க மாட்டாரும்மா. வந்துட்டீங்களா?"

"வந்துகொண்டிருக்கிறேன்" என்றேன். நின்ற இடத்தில் நின்றுகொண்டு.

பிறகு அமலோற்பவம் இறங்கி வந்து என் முழங்கையைப் பிடித்தாள். "ஏறு. மொதல்ல ஏறு டீச்சர். சண்டைய அப்பறமா வெச்சுக்கலாம்." அப்போதும் ஒருமையில்! தள்ளி ஏற்றினாள் என்றுதான் சொல்ல வேண்டும். ஏற்றிவிட்டு, "எல்லாரும் தலைக்குப் பதினஞ்சு எடுங்கப்பா. ரெண்டு சீட்டு எங்களுது, ஒரு சீட்டு உன்னுது தணிகா. வுடு வண்டிய" என்றாள்.

"காசு ஒண்ணும் வேணாம். இத மொதல்லயே சொல்லியிருந்தா நான் நின்னுக்கினா இருப்பேன்?" என்று தணிகாசலம் ஓடிவந்து ஏறினார். சாவியைத் திருப்பியாயிற்று.

"நீ பெரிய கர்ணன் பரம்பரை. டியூக்காரன் வந்து வண்டிய இஸ்துக்கினு போவட்டும், அப்ப தெரியும்." அவள் வசூலித்து முன் கண்ணாடிக்குக் கீழே வைத்துவிட்டாள். காவலாளி கொடுத்தார். அந்த இளைஞன் கொடுத்தான். மூலையில் இருந்த முகக்கவசப் பெண், என் தோளுக்கு மேலே கையை நீட்டி ஒரு பத்து ரூபாய்த் தாளையும் ஐந்து ரூபாய் நாணயத்தையும் கொடுத்தாள். நான் பைக்குள் கையை விட்டு ஐந்நூறு ரூபாய்த் தாளைப் பிடித்தபடி அமர்ந்திருந்தேன். வெளியே எடுக்க வரவில்லை. கை வரவில்லை. அது ஏன் என்று இப்போதும் எனக்குத் தெரியாது.

வண்டி போன போக்கைச் சொல்ல வேண்டும். சந்தோஷபுரத்தில் இரண்டு பேர் கை காட்டினார்கள். ஷேர் ஆட்டோக்காரர் கை காட்டுகிறவரை விட்டுவிட்டுப் போய் நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? போனார். "ரெண்டு டிக்கெட்டு போச்சே தணிகா" என்றாள் அமலோற்பவம். "வாய மூடிக்கினு வா" என்றார். செம்பாக்கத்தில் பள்ளம் தோண்டி ஒரு பக்கம் அடைத்திருந்தார்கள். நடைபாதையில் ஏற்றி இறக்கினார். அந்த முகக்கவசப் பெண் இறங்க வேண்டிய இடம் செம்பாக்கம். "நிறுத்த வேணாம்ணா, ஸ்லோ பண்ணுங்க போதும்" என்று சொல்லிவிட்டு, ஓடுகிற வண்டியிலிருந்து குதித்துவிட்டாள். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் கூட்டத்தில் மறைந்துவிட்டாள். ராஜகீழ்ப்பாக்கத்தில் ரயில்வே கேட்டைப் போல ஒரு தண்ணீர் லாரி குறுக்கே நின்றது. அந்தக் காவலாளி, தமிழ் தெரியாத மனிதர், இறங்கிப் போய்க் கம்பால் தட்டி அதை நகர்த்த வைத்தார்.

எட்டு ஆவதற்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கையெழுத்துப் போட்டேன். மங்கையர்க்கரசி என்று முழுமையாகப் போட்டேன். அவசரம் என்று சுருக்கவில்லை. மருத்துவர் என்னைப் பார்த்து, "என்னம்மா, இவ்வளவு நேரமா? நடந்தா வந்தீங்க?" என்று எரிந்து விழுந்தார். உள்ளே போய்விட்டார்.

ஒன்பதரைக்கு எந்திரம் ஓட ஆரம்பித்தது. பதினோரு மணிக்கு அவர் உதட்டில் நிறம் வந்தது. பக்கத்தில் போய் நின்றேன். கண்ணைத் திறந்தார். "காலி இருக்கைக்குக் கட்டணம் கொடுத்தீர்களா?" என்று கேட்டேன். உடனே கண்ணை மூடிக்கொண்டார். மூச்சு வாங்கியவர் அப்படித் தூங்க முடியாது. நடிப்பு.

மறுநாள் விசாரித்தேன். அவர் ஓய்வூதியத்திலிருந்து மாதம் எழுநூறு, எண்ணூறு கோயில் அன்னதானத்துக்குக் கொடுப்பதாக என்னிடம் சொல்லி எடுத்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோயிலில் அவ்வளவு ஈடுபாடில்லை, ஆனாலும் சாப்பாடு போடுவது நல்லதுதானே என்று ஒப்புக்கொண்டிருந்தேன். "எந்தக் கோயில்?" என்று கேட்டேன். கழுத்தில் குழாயோடு அவர் என்ன சொன்னார் தெரியுமா? "அரசி, தணிகாசலத்துக்கு மூன்று பிள்ளைகள். அவர்களும் சாப்பிடத்தானே செய்கிறார்கள்?"

"என்னை ஊர் சிரிக்க வைத்துவிட்டீர்கள்" என்றேன்.

"ஊர் சிரிக்கவில்லை. ஓராண்டாக ஒருவரும் உன்னிடம் சொல்லவில்லை பார்" என்றார்.

இதில் யார் செய்தது தவறு? நீங்களே சொல்லுங்கள். இல்லை, இப்போது வேண்டாம். கடைசியில்.

நான் செய்ய வேண்டியதைச் செய்தேன். அவர் வீடு திரும்பியதும் தணிகாசலத்தை அழைத்தேன். அந்த ஏற்பாடு இன்றோடு ஒழிந்தது, இனி ஒரு காசு கூடுதலாக வாங்கக் கூடாது, இருந்தாலும் வண்டி ஏழுக்குக் கிளம்ப வேண்டும் என்றேன். "சரிங்க டீச்சரம்மா" என்றார். அன்றிலிருந்து ஒழுங்காகக் கிளம்புகிறார். அதைத்தான் நான் முதலிலிருந்தே சொல்லி வருகிறேன். கண்டிப்பு என்பது பணத்தைவிடப் பெரியது. என் கணவரும் அந்தப் பணத்தை இப்போது பார்வையற்றோர் விடுதி ஒன்றுக்கு மாதாமாதம் கொடுக்கிறார். ரசீது கேட்டிருக்கிறேன். ஆண்டுக் கடைசியில் மொத்தமாகத் தருவார்களாம்.

பிறகு அந்தக் கடனைத் தீர்க்கத் தொடங்கினேன். என் ஆயுளில் ஓசியில் போன ஒரே பயணம் அது. காவலாளியை அவர் காவல் காக்கும் குடியிருப்பின் வாசலில் கண்டுபிடித்துக் கொடுத்தேன். சலாம் போட்டு வாங்கிக்கொண்டார். அந்த இளைஞன் கையில் திணிக்க வேண்டியிருந்தது. தணிகாசலத்துக்கு அன்று நான் கொடுக்காமல் விட்ட என் கட்டணம் முப்பது, அவருடைய ஓர் இருக்கைக்கான முப்பது. அமலோற்பவத்தோடுதான் போராட்டம். "பூ வாங்கி வெச்சுக்கோ டீச்சர்" என்று திருப்பிக் கொடுத்தாள். மறுபடி கொடுத்தேன். மறுபடி திருப்பினாள். செம்பாக்கம் வரை அந்தப் பணம் எங்கள் இருவர் மடிக்கும் போய்ப்போய் வந்தது. கடைசியில் அவள் சாப்பாட்டுப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டேன். "உன்ன மாதிரி ஒரு பொம்பளய நான் பாத்ததே இல்ல" என்றாள். பாராட்டாகத்தான் சொன்னாள்.

ஒருவர் மட்டும் மீதி. முகக்கவசத்தில் முகம் தெரியவில்லை, பெயர் தெரியாது. தினமும் வருகிறவர் அல்லர் என்றார் தணிகாசலம். ஏழு மாதமாக இந்த வண்டியில் ஏறும் ஒவ்வொரு பெண்ணையும் பார்க்கிறேன். ஒரே ஓர் அடையாளம்தான் எனக்குத் தெரியும். அன்றைக்கு என் தோளுக்கு மேல் கை நீட்டியபோது, அந்தக் கையில் மாட்டியிருந்த பையிலிருந்து பச்சை வண்ணம் உதிர்ந்த ஒரு மரக்கிளி தொங்கி என் காதில் இடித்தது.

ஆமாம், அதேதான். நீங்கள் ஏதோ சொல்ல வருகிறீர்கள் என்று எனக்கு முதலிலேயே தெரியும். அதனால்தான் நடுவில் பேசக் கூடாது என்றேன். பேசவிட்டிருந்தால் 'பரவாயில்லை அம்மா' என்று சொல்லி முடித்திருப்பீர்கள். என்ன விதமாக அந்தப் பணம் எனக்குப் பயன்பட்டது என்பது தெரியாமல் நீங்கள் அதைத் திரும்ப வாங்கக் கூடாது.

இருங்கள், தணிகாசலம் வந்துவிட்டார். இப்போது ஓர் ஆள் ஏறியிருக்கிறது. இன்னும் இரண்டு இடம் காலி. பாருங்கள் வேடிக்கையை. "தணிகாசலம்."

கேட்டீர்களா எஞ்சின் சத்தத்தை? ஒரே ஒரு சொல்.

முன்னால் குல்லாய்க்காரர் நோட்டை நீட்டுகிறார் பாருங்கள். அவர்தான் என் கணவர். எங்கள் இருவருக்கும் உரிய கட்டணம். சற்று முன் நான்தான் எண்ணிக் கொடுத்தேன். எதற்கு அவ்வளவு தடிமனாக மடித்திருக்கிறார் என்கிறீர்களா? குழாய் வைத்ததிலிருந்து அவருக்குக் கை நடுங்கும், சரியாக மடிக்க வராது. சிரிக்காதீர்கள்.

கையை நீட்டுங்கள். இல்லை, நீட்டத்தான் வேண்டும். செம்பாக்கம் வருவதற்குள் முடித்துவிடுவோம், இந்த முறை நீங்கள் குதிக்கக் கூடாது. ஒரு பத்து ரூபாய்த் தாள், ஓர் ஐந்து ரூபாய் நாணயம். நீங்கள் கொடுத்தது அப்படித்தான், நானும் அப்படியே எடுத்து வைத்திருந்தேன். எண்ணிப் பாருங்கள்: பதினைந்து ரூபாய்.